தீட்சிதர் வாழ்க்கையில் கற்கண்டைக் கழித்தால் என்ன மிஞ்சும்?

ஜூன் 4

ஒரு வாசகரின் கேள்வி: "முத்துசுவாமி தீட்சிதரைப் பற்றி எதை எடுத்துப் படித்தாலும் திருத்தணியில் முருகன் வாயில் கற்கண்டு போட்டார், கங்கை வீணை கொடுத்தது, பாடினார், மழை கொட்டியது என்றே போகிறது. இதையெல்லாம் கழித்துவிட்டால் அந்த மனிதரைப் பற்றி என்னதான் தெரியும்? இன்னொன்று, அவர் பாட்டுகள் ஏன் இவ்வளவு மெதுவாக, தலபுராணம் ஒப்பிப்பதுபோல் இருக்கின்றன?"

ஜூன் 4, இரவு

கழித்தே பார்ப்போம். கர்நாடக சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான இவர் 1775இல் திருவாரூரில் பிறந்தார். அப்பா ராமசுவாமி தீட்சிதர், ஹம்ஸத்வனி ராகத்தை உண்டாக்கியவர். 108 ராகங்களையும் தாளங்களையும் கோத்து ஒரே மாலிகை எழுதியவர். குடும்பம் சென்னைக்குப் பக்கத்தில் மணலிக்குப் போனது. ஆதரித்த முத்துகிருஷ்ண முதலியார், கம்பெனி ஆளுநர் பிகட்டிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்த்து இடைநிற்பவராக, இருந்தவர். அங்கே இருந்த காலத்தில்தான் தம்பி பாலுசுவாமி ஒரு வெள்ளைக்காரரிடம் வயலின் கற்றுக்கொண்டார். முத்துசுவாமி, சிதம்பரநாத யோகி என்பவரோடு காசிக்குப் போய்ச் சில ஆண்டுகள் இருந்தார். திரும்பி வந்ததும் திருத்தணி, காஞ்சிபுரம், அப்புறம் திருவாரூரில் நெடுங்காலம். இடையில் தஞ்சாவூர், மதுரை. கடைசியில் எட்டயபுரம். 1835இல் அங்கேயே காலமானார். அறுபது வயது.

கற்கண்டு ஒரு துண்டுகூடச் சேர்க்கவில்லை. ஆனாலும் ஒரு வாழ்க்கை நிற்கிறது, ஊர் ஊராக நடந்த வாழ்க்கை. 'மெதுவாக' பற்றி நாளை எழுதுகிறேன்.

ஜூன் 5

நாளை மறுநாள்தான் எழுதுவேன். நேற்று எழுதியதே உறுத்துகிறது.

கற்கண்டைக் கழித்தேன் என்று பெருமையாகச் சொன்னேனே, மிச்சத்தை எங்கிருந்து எடுத்தேன்? பெரும்பகுதி சுப்பராம தீட்சிதர் வழியாக வந்தது. 1904இல் எட்டயபுரத்தில் தெலுங்கில் அச்சான சங்கீத சம்பிரதாய பிரதர்சினி அவருடையது. பாலுசுவாமிக்கு மகள் வயிற்றுப் பேரன், பிறகு சுவீகாரப் பிள்ளை. அவர் பிறந்தது 1839. அதாவது முத்துசுவாமி போய் நான்கு ஆண்டுக்கு அப்புறம். பெரிய தாத்தாவை அவர் கண்ணால் பார்த்ததே இல்லை. பார்த்தது பாலுசுவாமியை. பாலுசுவாமி 1859 வரை இருந்தார், ஆக இருபது வயது வரை கூட இருந்து கேட்ட பேச்சு.

எங்கள் வீட்டிலும் தாத்தாவின் அண்ணன் ஒருவர் பர்மாவிலிருந்து நடந்தே வந்தார் என்று ஒரு கதை உண்டு. ஒவ்வொரு கல்யாணத்திலும் அவர் நடந்த தூரம் கூடிக்கொண்டே போகும். ஆனால் பர்மாவிலிருந்து வந்தார் என்பது பொய் இல்லை. வீட்டுப் பேச்சு இப்படித்தான் வேலை செய்யும் என்று நினைக்கிறேன். எலும்பு நிஜம், சதை வளரும்.

ஜூன் 5, சற்றுப் பிறகு

சுப்பராம தீட்சிதரைக் குறை சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர் மட்டும் இல்லையென்றால் நாம் இங்கே பேசுவதற்கே எதுவும் இருந்திருக்காது. அந்தப் புத்தகமே சும்மா வந்துவிடவில்லை. சின்னசாமி முதலியார் என்று ஒருவர், கிறிஸ்தவர், நம் கீர்த்தனைகளை மேற்கத்திய ஐந்து கோட்டு முறையில் எழுதிவைக்கப் பாடுபட்டவர். அவர் நச்சரித்து, எட்டயபுரம் சமஸ்தானம் கை கொடுத்து, அப்புறம்தான் குடும்பச் சொத்தாகப் பூட்டி வைத்திருந்தது அச்சுக்குப் போனது. ஸ்வரங்களுக்கு மேலே கமகத்துக்கு, அதாவது ஸ்வரத்தை அசைத்து வளைக்கும் விதங்களுக்கு, தனித்தனிக் குறியீடு போட்டு அச்சடித்திருக்கிறார்கள், 1904இல்! அந்த அச்சுக்கோப்பவரை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது.

ஜூன் 8

சரி, மெதுவாக இருப்பது.

நான் எட்டு வயதில் திருநெல்வேலியில் ஒரு வீணை மாமியிடம் கற்றுக்கொள்ளப் போனேன். மாமி எனக்கு முதலில் கொடுத்த தீட்சிதர் பாட்டு மெதுவானதே இல்லை. 'சந்ததம் பாஹிமாம்'. துள்ளிக்கொண்டு ஓடும், கமகம் கிடையாது, விரலுக்கு நல்ல பழக்கம். பல வருஷம் கழித்துத் தொலைக்காட்சியில் இங்கிலாந்து கால்பந்து ஆட்டம் தொடங்கும் முன் எல்லாரும் எழுந்து நின்று என் பாட்டைப் பாடினார்கள். மாமி பாட்டை வெள்ளைக்காரன் திருடிவிட்டான் என்று அன்றைக்கு நிஜமாகவே கோபப்பட்டேன். எடுத்தது நம்மவர்தான். இங்கிலாந்து ராஜா வாழ்க என்கிற அந்த மெட்டுக்கு சியாமளையின் மேல் சமஸ்கிருத வரி போட்டிருக்கிறார். இப்படி ஏறத்தாழ நாற்பது, நோட்டுஸ்வரம் என்று பெயர். மணலியில் இருந்தபோது கோட்டை பாண்டு வாத்தியம் காதில் விழுந்ததன் விளைவு.

அதே கை பின்னாளில் தாளத்தின் ஒரு சுற்றுக்கு, ஒரு ஆவர்த்தனத்துக்கு, நாலே சொல் வைத்து இழுக்கிறது என்றால், வேகம் தெரியாமல் இல்லை. வேண்டாம் என்றே வைத்திருக்கிறார்.

காரணம் காசியில் கேட்ட துருபத், நிதானமாக நடக்கும் வடநாட்டுப் பாட்டு முறை, என்பார்கள். இருக்கலாம். யமுனாகல்யாணி, ஹமீர்கல்யாணி, துவிஜாவந்தி என்று வடக்கு வாசனையுள்ள ராகங்களை அவர் ஆசையாக எடுத்தாண்டிருக்கிறார். துவிஜாவந்திக்கு 'அகிலாண்டேஸ்வரி' ஒன்று போதும்.

ஆனால் வீணை வாசிக்கிறவனாக எனக்குத் தோன்றுவது வேறு. ஒரு முறை மீட்டிவிட்டு, அந்த நாதம் அடங்குவதற்குள் தந்தியை ஒரே மெட்டில் இழுத்து இரண்டு மூன்று ஸ்வரம் எடுப்பது வீணையின் சுகம். அதற்கு அவகாசம் வேண்டும். பாட்டு ஓடினால் இழுப்பு செத்துப்போகும். தீட்சிதர் சாகித்தியம், அதாவது பாட்டின் சொற்கள், அந்த இழுப்புக்கு இடம் விட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறது. தொண்டையில் பாடிப் பார்த்தபோது எனக்கும் அலுப்பாக இருந்த ஒரு பாட்டு, 'ஜம்பூபதே', வீணையில் எடுத்த அன்று முற்றிலும் வேறாக இருந்தது. அதற்கு அப்புறம் அலுக்கவில்லை.

கடைசியில் மத்யமகாலம் வருகிறதே, அதையும் மறக்கக் கூடாது. அதுவரை ஆற அமர நடந்தவர் கோபுர வாசல் தெரிந்ததும் எட்டிப் போடுவதுபோல் சொற்கள் இரட்டிப்பு வேகத்தில் வரும். 'வாதாபி கணபதிம்' பாட்டில் 'கராம்புஜ பாச பீஜாபூரம்' என்று தொடங்கும் இடம்.

ஜூன் 9

வாதாபி என்றதும் இரண்டு பேர் ஒரே மாதிரி எழுதியிருக்கிறார்கள்: பல்லவத் தளபதி பரஞ்சோதி வாதாபி நகரத்திலிருந்து கொண்டுவந்த பிள்ளையார், ஆகவே திருச்செங்காட்டங்குடி. கதை இருக்கட்டும். பாட்டு என்ன சொல்கிறது? 'மூலாதார க்ஷேத்ர ஸ்திதம்.' மூலாதாரத் தலம் என்றால் திருவாரூர். அந்தக் கோயிலுக்குள்ளேயே வாதாபி கணபதி இருக்கிறார். வங்கி வேலையில் அங்கே இரண்டு வருஷம் இருந்தேன், தினம் பார்த்த பிள்ளையார். பரஞ்சோதி படையெடுத்தது பாட்டில் எங்குமே இல்லை. இருப்பது கும்பத்தில் பிறந்த முனிவர், அதாவது அகத்தியர். வாதாபி என்ற அசுரனைத் தின்று செரித்தவர். குழந்தைக்குப் பாலூட்டியதும் வயிற்றைத் தடவி 'வாதாபி ஜீர்ணோ பவ' என்பார்களே, அந்த அகத்தியர்.

நான் சொல்ல வந்தது இதைத்தான். வாழ்க்கைக் கதையை விட்டுவிட்டுப் பாட்டைப் படித்தால் ஊர், கோயில், சந்நிதி, பெரும்பாலும் ராகத்தின் பெயர், எல்லாம் எழுதி வைத்திருக்கிறார். பாட்டும் மெட்டும் தாமே அமைத்த வேறு எந்த வாக்கேயக்காரரும் இவ்வளவு ஒழுங்காக விலாசம் எழுதியதில்லை. தலபுராணம் ஒப்பிக்கிறார் என்று கேட்டவர் அலுத்துக்கொண்டாரே, அந்த ஒப்பிப்புதான் ஐயா அவருடைய நாட்குறிப்பு.

ராகப் பெயரை நுழைக்கும் குசும்பையும் பாருங்கள். முதல் பாட்டு என்று சொல்லப்படும் 'ஸ்ரீநாதாதி குருகுஹோ' மாயாமாளவகௌளை. அதற்குள் 'மாயாமாளவ கௌளாதி தேச மஹீபதி பூஜித' என்று வரும். மாளவம், கௌளம் முதலிய தேசத்து அரசர்கள் பூஜிப்பவன். ராகமும் வந்தது, பூகோளமும் வந்தது.

ஜூன் 11

தன்னைப் பற்றி அவரே எங்காவது சொல்லியிருக்கிறாரா என்று ஒருவர் கேட்டிருந்தார். பாட்டில் தன் அடையாளமாக வைக்கும் முத்திரையே 'குருகுஹ'. முருகன் பெயர், தன் பெயர்கூட இல்லை. ஆனால் இரண்டு இடம் ஞாபகம் வருகிறது. பைரவியில் 'பாலகோபால': அதில் 'வைணிக காயக குருகுஹ' என்கிறார். வீணை வாசிப்பவன், பாடுகிறவன். அவ்வளவுதான், தொழில் எழுதும் கட்டத்தில் நிரப்புவதுபோல.

இன்னொன்று லலிதாவில் 'ஹிரண்மயீம்'. 'ஹீன மானவாச்ரயம் த்யஜாமி', கீழான மனிதரை அண்டுவதை விட்டேன் என்கிறார். இதற்கும் ஒரு கதை சொல்வார்கள்: வீட்டில் அரிசி இல்லை, திருவாரூரில் கமலம் என்ற சீடப்பெண் தன் நகையை அடகு வைக்கப் போனாள், இவர் தடுத்துவிட்டு இதைப் பாடினார், மறுநாள் வண்டியில் சாமான் வந்து இறங்கியது என்று. வண்டியைக் கழித்துவிடலாம். வரி நிற்கிறது. யாரோ ஒருவர் வாசலில் போய் நின்று பார்த்து, பட்டு, வெறுத்தவர்தான் 'விட்டேன்' என்று எழுதுவார் என்பது என் யூகம்.

யூகம் என்று எழுதிவிட்டேன், அடிக்க வராதீர்கள். மணலி முதலியார் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்தானே என்று கேட்பீர்கள். ஆமாம். வளர்ந்த வீடும் அண்டின வீடும் வேறு.

ஜூன் 12

திருத்தம். 'அகிலாண்டேஸ்வரி' பிரதர்சினியில் இல்லை. ஒருவர் சுட்டிக்காட்டியிருக்கிறார், அவர் சொல்வது சரி. பின்னால் வந்த பதிப்புகள் வழியாகப் புழக்கத்துக்கு வந்த பாட்டு. துவிஜாவந்திக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது 'சேத ஸ்ரீ பாலகிருஷ்ணம்'. அது புத்தகத்தில் இருக்கிறது.

இது சின்னத் தவறு இல்லை. பாட்டே நாட்குறிப்பு என்று 9ஆம் தேதி அவ்வளவு அழுத்தமாகச் சொன்னேன். பிரதர்சினியில் உள்ள தீட்சிதர் கீர்த்தனைகள் 229. இன்று அவர் பெயரில் பாடப்படுபவை 400க்கும் மேல். நடுவில் உள்ளதில் எத்தனை அவருடையவை? 'குருகுஹ' என்று கடைசியில் போட யாருக்கும் தெரியும், ராகப் பெயரைச் செருகவும் தெரியும். ஒரு மனிதர் விலாசத்தை ஒழுங்காக எழுதுகிறார் என்றால் அதைப் பார்த்து எழுதுவதும் சுலபம்.

ஜூன் 12, மதியம்

இதோ நல்ல உதாரணம், நானே பல வருஷம் நம்பியது. நவக்கிரகக் கிருதி ஒன்பது என்று மாமி வீட்டில் ஒன்பதையும் பாடுவோம். புத்தகத்தில் ஏழுதான். ஞாயிறுக்கு 'சூர்யமூர்த்தே' சௌராஷ்டிரம், திங்களுக்கு 'சந்த்ரம் பஜ' அசாவேரி, இப்படியே போய்ச் சனிக்கு 'திவாகர தனுஜம்' யதுகுலகாம்போதி. ராகுவும் கேதுவும் இல்லை.

தாளத்தைப் பாருங்கள்: துருவம், மட்டியம், ரூபகம், ஜம்பை, திரிபுடை, அட, ஏகம். ஏழு நாளுக்கு சூளாதி ஏழு தாளமும் வரிசை மாறாமல்! இப்படித் திட்டம் போட்டவர் திடீரென்று இரண்டு கூட்டி, இரண்டையும் ரூபகத்திலேயே போடுவாரா? கேதுவுக்கு உள்ள பாட்டின் ராகத்தை நாம் ஷண்முகப்பிரியா என்கிறோம். தீட்சிதர் பின்பற்றிய வேங்கடமகி வழி மேளப் பட்டியலில், அதாவது தாய் ராகப் பட்டியலில், அந்த இடத்துக்குப் பெயர் சாமரம்.

எனக்கு இப்போது ஏழு என்றே படுகிறது. ராகுகாலத்தில் எழுதவில்லை, பயப்பட வேண்டாம்.

ஜூன் 13

"அப்படியானால் ராகு கேது பாட்டைப் பாடக் கூடாதா?" பாடுங்கள். நன்றாக இருக்கின்றன. பாடுவதும் அவருடையது என்று சொல்வதும் வேறு வேறு.

ஜூன் 20

ஒரு வாரம் வரவில்லை, வீட்டில் வெள்ளையடிப்பு. அதற்குள் இங்கே மழைக் கதையில் சண்டை.

எட்டயபுரத்துக்குப் போகும் வழியில் நிலம் வறண்டு கிடந்தது, 'ஆனந்தாம்ருதாகர்ஷிணி' என்று அமிர்தவர்ஷிணியில் பாடினார், 'ஸலிலம் வர்ஷய வர்ஷய' என்றதும் பெய்தது, நிறுத்தச் சொல்லித் தனியாக வேண்ட வேண்டியிருந்தது. கோவில்பட்டிப் பக்கம் எனக்கு உறவு உண்டு. கரிசல் காட்டில் மழை பெய்கிற மாதம் ஐப்பசி. அவர் அங்கே காலமானதும் ஐப்பசி. ஐப்பசியில் பாடினால் நான் பாடினாலும் பெய்யும்.

இருந்தாலும் இந்தக் கதை மேல் எனக்குள்ள கோபம் வேறு. ஒரு சபாவில் தீட்சிதர் தினம் என்று போயிருந்தேன். பேச்சாளர் மழையை அரைமணி நேரம் பெய்யவிட்டார். பாட்டுக்கு ஐந்து நிமிஷம். வறண்ட காட்டைப் பார்த்து 'தண்ணீர், தண்ணீர்' என்று கேட்க ஒரு ஆளுக்குத் தோன்றியதே, அது போதாதா? பெய்ததா இல்லையா என்பதில் என்ன இருக்கிறது?

ஜூன் 21

கமலாம்பா நவாவரணம், திருவாரூர்க் கமலாம்பிகை மேல் அவர் பாடிய ஒன்பது பாட்டு, அதைப் பற்றி ஏன் ஒரு வார்த்தை இல்லை என்று கோபித்திருக்கிறார்கள். பயம்தான் காரணம். எடுத்தால் நிறுத்தமாட்டேன்.

கொஞ்சம் மட்டும். பள்ளிக்கூடத்தில் எட்டு வேற்றுமை படித்தோம் இல்லையா, ஐ ஆல் கு இன் அது கண், கடைசியில் விளி. சமஸ்கிருதத்திலும் எட்டு. முதல் ஆவரணம் ஆனந்தபைரவியில் எழுவாய், இரண்டாவது கல்யாணியில் ஐ, இப்படி ஏறிக்கொண்டே போய் எட்டாவது கண்டா ராகத்தில் விளி, 'ஸ்ரீ கமலாம்பிகே' என்று கூப்பிட்டுவிடுகிறார். ஒன்பதாவதுக்கு வேற்றுமை மிச்சமில்லையே! ஆகவே ஆகிரியில் எட்டையும் சேர்த்து ஒரே பாட்டு. இலக்கணப் புத்தகத்தின் பொருளடக்கத்தை வைத்து அழ வைத்த ஒரே ஆள்.

ஆகிரி பாடினால் அன்றைக்குச் சோறு கிடைக்காது என்பார்கள். நவராத்திரியில் மாமி ஒன்பதாம் நாள் ஆகிரியைப் பாடிவிட்டுத்தான் சுண்டல் கொடுப்பார். ஒருநாளும் எனக்குச் சுண்டல் கிடைக்காமல் போனதில்லை.

கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, ஓடை ஐந்து வேலி என்பது திருவாரூர்ச் சொல். கமலாலயத்துப் படியில் மாலை ஆறு மணிக்கு உட்கார்ந்தால் எதிர்க்கரையில் நடக்கிற ஆள் யாரென்று தெரியாது, அவ்வளவு அகலம். அங்கே உட்கார்ந்துதான் முதல்முதலாக எனக்கு அவர் பாட்டின் காலப்பிரமாணம், அந்த நடை வேகம், பிடிபட்டது. அந்தக் குளத்தை ஒரு சுற்று வருவதற்கு ஆகிற நேரம்.

(மேலே எழுதியது கவிதை மாதிரி ஆகிவிட்டது. அழிக்க மனம் இல்லை, விட்டுவிடுகிறேன்.)

ஜூலை 2

எட்டயபுரம் போய்விட்டு வந்தேன். இந்த விவாதம் கிளப்பிய அரிப்புதான்.

பேருந்தில் இறங்கியவர்களில் பாதிப்பேர் பாரதி வீட்டுக்குப் போனார்கள். தீட்சிதர் சமாதிக்கு நான் ஒருவன். வழி கேட்டதற்கு ஒரு பெரியவர், "பாட்டுக்காரச் சாமியா?" என்றார். அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது. சங்கீத மும்மூர்த்தி என்பதைவிட நன்றாக இருக்கிறது. பிரசாதமாகக் கற்கண்டு கிடைக்கவில்லை. கோவில்பட்டியில் கடலைமிட்டாய் வாங்கிக்கொண்டேன்.

பாரதி விஷயம் ஒன்று. கச்சேரிக்குக் கச்சேரி 'வாதாபி'யையே பாடிக் கொல்கிறார்கள் என்று கட்டுரை எழுதிக் கிண்டல் செய்தவர் அவர். அதே பாரதி 1906இல் சுப்பராம தீட்சிதர் காலமானபோது இரங்கல் பாட்டு எழுதினார். மன்னருக்கும் மதகுருக்களுக்கும் வணங்காத நான் உன்னைக் கண்டபோது தலை தாழ்ந்தேன் என்ற பொருளில். ஒரே சின்ன ஊர். அந்தப் புத்தகம் அச்சான ஊரிலேயே பிறந்த பையன், புத்தகக்காரரை நேரில் பார்த்தவன். 5ஆம் தேதி நான் சுப்பராம தீட்சிதரைச் சாட்சிக்கூண்டில் நிறுத்தியதுபோல் எழுதியதைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறேன். பாரதி லேசில் யாரையும் கும்பிடுகிற ஆள் இல்லை.

ஜூலை 3

பெரிய தாத்தாவைப் பார்த்தவர்கள் வேறு யாரும் எழுதவில்லையா? எழுதினார்கள். தஞ்சை நால்வர், பொன்னையா, சின்னையா, சிவானந்தம், வடிவேலு, அவரிடமே கற்றவர்கள். குருவின் மேல் நவரத்தின மாலை என்று ஒன்பது கீர்த்தனை பாடியிருக்கிறார்கள். வீட்டுக்கு வெளியிலிருந்து ஒரு சாட்சி. முன்பே சொல்லியிருக்க வேண்டும், மறந்துபோனேன்.

தீபாவளி, காலை 7

இந்த இழையை மூட யாரும் மறந்துவிட்டதால் இன்னொன்று.

1835இல் இதே நரகசதுர்த்தசி. கடைசி நேரத்தில் சீடர்களை 'மீனாக்ஷி மே முதம்' பாடச் சொன்னார், 'மீனலோசனி பாசமோசனி' என்ற இடத்தைத் திரும்பப் பாடச் சொன்னார், அதைக் கேட்டுக்கொண்டே உயிர் பிரிந்தது என்பது வீட்டுக் கதை. பாசமோசனி, கட்டை அவிழ்ப்பவள். மற்ற கதைகளைக் கழித்த நான் இதை மட்டும் கழிக்கவில்லை. நியாயம் கேட்காதீர்கள். அந்தப் பாட்டின் சரணத்தில் 'வீணா கான தச கமகக் கிரியே' என்று வரும். பூர்விகல்யாணிக்கு அவர் வழியில் உள்ள பெயர் கமகக்கிரியா. ராகமும் வந்தது, வீணையும் வந்தது, பத்து கமகமும் வந்தது. சாகும்போது கேட்க வைணிகன் இதைவிட வேறு எதைக் கேட்பான்?

எண்ணெய் தேய்த்துக் குளித்து, லேகியம் தின்று, வீணையை எடுத்து உட்கார்ந்தேன். பிரதர்சினியைத் திறந்து வைத்துக்கொண்டு, அதில் போட்டிருக்கிற குறியீடு பார்த்துப் பார்த்து, அந்த இடத்தை வாசித்தேன். சமையலறையிலிருந்து மகள் குரல்: "அப்பா, பாசமோசனி தப்பா வாசிக்கறீங்க."

அவளுக்குப் பாடம் மாமியிடம்தான். புத்தகத்தைக் காட்டினேன். எட்டிப் பார்த்துவிட்டு, "மாமி இப்படிச் சொல்லித் தரலையே" என்று போய்விட்டாள். இன்னொரு தடவை மாமி வழியில் வாசித்தேன். அதிரசம் வந்தது.